கிச்சாப்பின் கிரகப்பிரவேசம்

பதினெட்டு வருடங்களாக நான் சம்பளம் வாங்குவது முக்கியமாக ஒரு வேலைக்குத்தான். எந்தப் போத்தலிலும் லேபிள் ஒட்டாமல் எதையும் வைக்கக் கூடாது என்று மற்றவர்களைத் திட்டும் வேலை. ஆயர் குரோவில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் என்று அதற்குப் பெயர். புதிதாகச் சேருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். உள்ளே இருப்பது அமிலமா, பச்சைத் தண்ணீரா என்று போத்தலுக்குத் தெரியாது, எழுதி ஒட்டினால்தான் பார்ப்பவனுக்குத் தெரியும் என்பேன். (கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுவேன்.)

அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு போத்தலுக்கு லேபிள் ஒட்டாமல் விட்டேன். அதனால் என் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நடந்ததை என் மைத்துனன் ரவி ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான். ஒவ்வொரு முறையும் மசாலா கூடிக்கொண்டே போகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், நான் மயங்கி விழுந்ததாகவும் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகவும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். ஆகவே நானே எழுதிவிடுவது நல்லது.

எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை இருக்கிறது. பெயர் கிச்சாப். மீ கோரேங் நூடுல்ஸுக்கு ஊற்றும் கறுப்புச் சோயா சாஸ், அதாவது கிச்சாப்பின் நிறம், அதனால் அந்தப் பெயர். நான்கு வருடங்களுக்கு முன்பு குட்டியாக என் காடியின் இஞ்சினுக்குள் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. அன்று வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன், சாயங்காலம் பூனையோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் நான் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான். என் மனைவி தேவி கைப்பேசியைப் பார்த்தபடி "ம்" என்பாள். கிச்சாப் "ம்" கூடச் சொல்லாது, ஆனால் முழுவதும் கேட்கும்.

அப்போது நாங்கள் புக்கிட் காத்திலில் வாடகைக்கு இருந்தோம். பல வருடங்கள் யோசித்து ஆயர் குரோ பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் ஒற்றை மாடி வீடு வாங்கி, சாவி கைக்கு வந்த மாதம் பார்த்துத்தான் கிச்சாப்புக்குப் புத்தி கெட்டது. (அப்படித்தான் நினைத்தோம்.) அதுவரை மணல் பெட்டியை விட்டு ஓர் அங்குலம்கூடத் தாண்டாத பூனை, துவைத்து மடித்த துணிக்கூடையில் சிறுநீர் கழித்தது. அடுத்து குளியலறைக் கால்மிதியில். அடுத்து சமையலறைத் தொட்டியில். அப்புறம் சோபாவில், அதுவும் நான் உட்காரும் பக்கத்தில். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கரண்டி அளவுகூட இருக்காது. ஆனால் அதன் நெடி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வந்து வரவேற்கும்.

என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், மெர்லிமாவில் தனியாக இருந்தார். புது வீட்டில் எங்களோடு தங்குவதாக ஏற்பாடு. அதற்காக ஒரு மாதம் முன்னதாகவே சாமான்களோடு புக்கிட் காத்திலுக்கு வந்துவிட்டார். வந்த மூன்றாம் நாள் அவர் கோயிலுக்குக் கொண்டுபோகும் பைக்குள் கிச்சாப் தன் காரியத்தை முடித்தது.

"மாப்ளே, இது வேணும்னே செய்யுது. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே செய்யுது" என்றார் அத்தை.

நான் இதை ஒரு தரக்கட்டுப்பாட்டுப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன். மணலை மாற்றினேன். பெட்டியை மாற்றினேன். சோபாவைச் சுற்றி எலுமிச்சைத் தோல் வைத்தேன். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்து வந்தேன். கடைசியில் கிச்சாப்பைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, புதிய தொழிலாளர்களுக்கு எடுப்பதைப் போலவே ஒரு பயிற்சி வகுப்பும் எடுத்தேன். அது வழக்கம்போல முகத்தைப் பார்த்து முழுவதும் கேட்டது. கேட்டுவிட்டு, எழுந்து போய், நான் கோடு போட்டு வைத்திருந்த தாளின் மேல் சிறுநீர் கழித்தது.

அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். "புது வீட்டுக்கு அந்தப் பூனை வரக் கூடாது. வந்துச்சுன்னா நான் மெர்லிமாவ்லயே இருந்துக்கிறேன்."

ரவி அப்போது வந்திருந்தான். தேவியின் தம்பி, நல்லவன், எதற்கும் உடனே ஒரு வழி சொல்லிவிடுவான். "பாசார்ல கொண்டு போய் விட்டுறலாம்லா மாமா. மீன் கடைப் பக்கம். ராஜா மாதிரி இருக்கும்."

மீன் கடைப் பக்கம் ராஜாக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காது கிழிந்து, ஒரு கண் மூடி, மழையில் தகரத்துக்குக் கீழே ஒண்டிக்கொண்டு இருப்பார்கள். தேவி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "கிரகப்பிரவேசம் வரைக்கும் பாப்போங்க. அதுக்குள்ள சரியாவலன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். கிரகப்பிரவேசத்துக்கு எட்டு நாள் இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், ஒரு வழியாகக் கிச்சாப்பை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். (ஏழு நாள் ஏன் காத்திருந்தாய் என்று கேட்காதீர்கள். எலுமிச்சைத் தோலின் மேல் இருந்த நம்பிக்கைதான்.) புது வீட்டுக்குப் பக்கத்துக் கடைவரிசையில் ஒரு கிளினிக். டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. கிச்சாப்பின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"என்சிக், இது பெராங்ஙாய் இல்லை, சாக்கிட்" என்றார். ஐயா, இது கெட்ட குணமில்லை, நோய் என்று அர்த்தம். சிறுநீர்ப்பையில் பொடி மணல் போல ஏதோ சேர்ந்திருக்கலாம். பெட்டியில் உட்காரும்போதெல்லாம் வலிக்கிறது. வலி அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று பூனை நினைத்துக்கொள்கிறது. அதனால் வலிக்காத இடம் தேடி வீடு முழுக்க அலைகிறது. இதையெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் பொறுமையாக விளக்கினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வலியில் இருந்த ஒரு ஜீவனை உட்கார வைத்து ஒழுக்கம் போதித்திருக்கிறேன். மேஜை மேல் அது என் கைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு நின்றது.

சிறுநீர்ப்பை காலியாக இருந்ததால் டாக்டரால் ஊசியில் சாம்பிள் எடுக்க முடியவில்லை. வலிக்கு மருந்து கொடுத்து, வெள்ளை மூடி போட்ட ஒரு சின்னப் போத்தலையும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுநீரைப் பிடித்து, குளிர்ச்சியில் வைத்து, பதினோரு மணிக்குக் கிளினிக் திறந்ததும் கொண்டு வர வேண்டும். இரண்டு தேக்கரண்டி போதும். இதற்கிடையில் பூனை உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். கடுவனுக்கு அது உயிருக்கே ஆபத்து, அப்போது மணி பார்க்காதே, தூக்கிக்கொண்டு ஓடி வா என்றார். வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார். சிறுநீர் பட்ட இடங்களை இதற்கென்று இருக்கும் மருந்தால் துடைக்க வேண்டும். ஒரு சொட்டு வாசனை மிஞ்சினாலும் பூனை அங்கேதான் போகும்.

போத்தலில் பெயர் எழுத ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நான் எழுதவில்லை. காரணம் இருக்கிறது. அத்தை ஒரு நாளைக்குப் பத்து முறை ஐஸ் பெட்டியை, அதாவது ஃபிரிட்ஜைத் திறப்பார். தயிருக்கும் மல்லிகைப் பூவுக்கும் நடுவில் 'பூனை மூத்திரம்' என்று எழுதிய போத்தலைப் பார்த்தால், அன்றைக்கே நானும் கிச்சாப்பும் சேர்ந்து மீன் கடைப் பக்கம் போக வேண்டியதுதான்.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தொழிற்சாலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, மணல் இல்லாத பெட்டியோடு கிச்சாப்பின் பின்னால் குந்தினேன். அது திரும்பிப் பார்த்தது. கதவைத் தட்டாமல் கழிவறைக்குள் வந்தவனை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்களோ அப்படி ஒரு பார்வை. இருபது நிமிடம் இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் முனகிக்கொண்டே கொஞ்சம் விட்டது. அளந்து எடுத்தது போல இரண்டு தேக்கரண்டி. அதே காலையில், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் மெர்லிமாவில், ரவி ஒரு மாட்டின் பின்னால் சொம்போடு குந்தியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்குப் புதுக் கோமியம் கொண்டு வருவது அவன் பொறுப்பு. ஒரே குடும்பத்தில் இரண்டு ஆண்கள், ஒரே நேரத்தில், ஒரே வேலை. என் மாடு சீக்கிரம் போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போத்தலை எதில் கொண்டுபோவது? தேவி பால், தயிர், வெண்ணெய், பூ எல்லாவற்றையும் நான் மீன் பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ் பாக்ஸில் அடுக்கியிருந்தாள். ஒரு மூலையில் செருகிவிட்டேன். பத்தே முக்காலுக்கு எடுத்துக்கொண்டு நழுவிவிடலாம் என்பது திட்டம். கிச்சாப்பைப் பழைய வீட்டிலேயே தண்ணீரும் தீனியும் வைத்து விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பினோம்.

புது வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர். குருக்கள் ஹோமம் வளர்த்தார். நானும் தேவியும் நெருப்புக்கு முன்னால். கூடத்து ஜன்னல் ஒன்று திறக்க வராததால் புகை முழுவதும் என் கண்ணில்தான் தங்கியது. சாமான்களை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அத்தைக்கு. "கோமியம்?" என்று குருக்கள் கையை நீட்டினார். ரவி இன்னும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அத்தை ஐஸ் பாக்ஸைத் திறந்து பார்த்தார்.

"இந்தா இருக்கே! பய வந்து வெச்சிட்டுத்தான் எங்கயோ போயிருக்கான்."

இதை என் இரண்டு காதாலும் கேட்டேன். எதுவுமே தோன்றவில்லை. நெய்யை ஊற்றிக்கொண்டு, ரவி பரவாயில்லையே, நேரத்துக்கு வந்துவிட்டானே என்றுதான் நினைத்தேன்.

குருக்கள் மூடியைத் திறந்தார். தலை கொஞ்சம் பின்னால் போனது. "நல்ல காரமான கோமியம். எங்கே கிடைச்சது?" என்றார்.

"மெர்லிமாவ்ங்க சாமி. எங்க ஊரு மாடு" என்றார் அத்தை, பெருமையாக.

நெடி எனக்கும் வந்தது. ஆனால் ஒரு மாதமாக அந்த நெடியில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த மூக்கு அது. வீட்டு வாசனைதானே என்று விட்டுவிட்டது.

குருக்கள் பாதியைச் சொம்புத் தண்ணீரில் கலந்து மாவிலையால் அறை அறையாகத் தெளித்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசும் பகுதி இதுதான். போனவன் சும்மா போகவில்லை. என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "சாமி, அந்த மூலையில படல." "சாமி, கதவுக்குப் பின்னால கொஞ்சம்." "அலமாரிக்குள்ளயும் அடிச்சிருங்க சாமி." குருக்களுக்குக் கை வலித்திருக்கும். மூன்று அறை, கூடம், சமையலறை, கார் நிறுத்தும் இடம் என்று ஒரு மூலை பாக்கியில்லை. வந்த விருந்தாளிகளின் தலையிலும் மங்கலமாக நாலு சொட்டு விழுந்தது.

மிச்சப் பாதி பஞ்சகவ்வியத்தில் கலந்தது. பால், தயிர், நெய் எல்லாவற்றோடும் சேர்த்து. முதலில் வீட்டுத் தலைவர் என்று என் உள்ளங்கையில் ஓர் உத்தரணி விட்டார். கண்ணை மூடிப் பயபக்தியோடு குடித்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. அடுத்ததாக அத்தை, இவ்வளவு நாள் காத்திருந்த முகத்தோடு, கையைக் குழித்து நீட்டினார்.

வாசலில் மோட்டார் வந்து நின்றது. ரவி, தலையில் ஹெல்மெட்டோடு, ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஸாரி மாமா! மாடு இப்பத்தான் மனசு வெச்சுச்சு!"

நான் அந்தப் போத்தலைப் பார்த்தேன். ஐஸ் பாக்ஸைப் பார்த்தேன். குருக்களின் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த வெள்ளை மூடிப் போத்தலைப் பார்த்தேன். எழுதாத வெள்ளைத் தாள் என்னைப் பார்த்தது. அத்தையின் உள்ளங்கைக்கு மேல் உத்தரணி சாயப் போனது. யோசிக்க நேரமில்லை. குருக்களின் கையையும் பாத்திரத்தையும் சேர்த்துத் தட்டிவிட்டேன்.

பாத்திரம் உருண்டு, பஞ்சகவ்வியம் முழுவதும் தரையில் ஓடியது. கூடம் முழுக்க "ஐயோ!" என்றது. "என்ன மாப்ளே இது! நல்ல நாளும் அதுவுமா!" என்று அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. குருக்கள்தான் காப்பாற்றினார். பூமாதேவி ஏற்றுக்கொண்டாள், பரவாயில்லை என்றார். நான் கை தவறிவிட்டது என்று சொல்லிவிட்டு ரவியை வெளியே தள்ளிக்கொண்டு போனேன்.

"உள்ள கொண்டு வராத. நீ மொதல்ல வெச்சதே போதுமாம்."

"நான் மொதல்ல எதுவுமே வெக்கலையே மாமா?"

"வாய மூடு."

அவன் மூடிக்கொண்டான். ஆனால் அவன் கண், மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டதைக் காட்டியது.

பத்தரைக்குச் சடங்கு முடிந்தது. பந்தி விரிக்கத் தயாரானார்கள். எனக்குச் சாப்பாடு ஞாபகமே இல்லை. (வாய் கொப்பளித்த எண்ணிக்கை மட்டும் ஞாபகம் இருக்கிறது, பதினான்கு.) சாம்பிள் போய்விட்டது. இன்னொன்று பிடித்தால்தான் உண்டு. தேவியிடம் ஐஸ் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சொந்தக் கிரகப்பிரவேசத்தின் பந்தி நேரத்தில், வேட்டியும் சந்தனப் பொட்டுமாகப் புக்கிட் காத்திலுக்குக் காடியை விட்டேன்.

கிச்சாப் பெட்டியில் உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய்ப் பின்னால் குந்தினேன். எதுவும் வரவில்லை. எழுந்து கால்மிதியில் உட்கார்ந்தது. வரவில்லை. தொட்டியில் ஏறி உட்கார்ந்தது. வரவில்லை. அது கத்திய கத்தல் நான் அதுவரை கேட்டதில்லை. வயிற்றைத் தொட்டேன், எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. டாக்டர் சொன்ன அடைப்பு இதுதான் என்று புரிந்தது.

பூனைக் கூண்டைத் தேடினேன். அதில் தேவி குழம்புப் பாத்திரங்களை அடைத்துப் புது வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். துணிக்கூடையில் கிச்சாப்பை வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, தோளில் இருந்த துண்டால் கட்டினேன். வழி முழுக்க அதோடு பேசிக்கொண்டே போனேன். சாகாதேடா, புது வீட்டில் உனக்குத்தான் ஜன்னலோர இடம், அத்தையிடம் நான் பேசுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். சிவப்பு விளக்கில் பக்கத்து மோட்டார்க்காரர் என்னையும் கூடையையும் பார்த்துவிட்டு, தன் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போனார். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு, அடைப்பை எடுத்தார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், நல்லவேளை இப்போதே கொண்டு வந்தீர்கள், சாயங்காலம் என்றால் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாம்பிள் பத்திரமாக இருந்திருந்தால் அதை இங்கே கொடுத்துவிட்டு, விருந்துக்குத் திரும்பி, எல்லோரையும் வழியனுப்பிவிட்டு, சாயங்காலம்தான் பழைய வீட்டுக்குப் போயிருப்பேன். கிச்சாப்பைக் காப்பாற்றியது நான் அல்ல. அத்தை எடுத்துக் கொடுத்து, குருக்கள் தெளித்து, நான் குடித்த அந்த இரண்டு தேக்கரண்டிதான். வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"காலையில் பிடித்த சாம்பிள் எங்கே?" என்று டாக்டர் கேட்டார்.

"கொட்டிவிட்டது."

"எங்கே?"

"வீடு முழுக்க."

என் மலாய் அவ்வளவு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. புதன்கிழமை பூனையைக் கூட்டிக்கொண்டு போகலாம், புது வீட்டுக்குப் போவது ரொம்ப நல்லது, அங்கே அதன் பழைய வாசனை ஒரு சொட்டுகூட இருக்காது, பெட்டியில் போக முதலிலிருந்து பழக்கலாம் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

ஆக, புதன்கிழமைக்குள் வீட்டை மூலை மூலையாகக் கழுவ வேண்டும். ஆனால் அத்தையின் கணக்கில் கிரகப்பிரவேசம் முடிந்து மூன்று நாளைக்கு வீட்டைக் கழுவவோ துடைக்கவோ கூடாது, லட்சுமி போய்விடுவாள். விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டு அங்கேயே காவலுக்கும் இருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அரைநாள் விடுப்பு எடுத்து, நானும் தேவியும் இன்னும் குடி மாறாத அந்த வீட்டுக்குப் போனேன். அத்தை உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் கையுறைக் கறையைக் கண்டுபிடிக்கும் ஊதா நிற டார்ச்லைட் ஒன்று உண்டு. அதில் சிறுநீர் பட்ட இடம் ஒளிரும். கூடத்துத் திரைகளை இழுத்துவிட்டு டார்ச்சை அடித்தேன்.

சுவர் முழுக்க நட்சத்திரம். கதவில், கதவுக்குப் பின்னால், அலமாரிக்குள், மின்விசிறி இறக்கையில்கூட. குருக்கள் பிறகு தெளித்த மஞ்சள் தண்ணீரும் அந்த வெளிச்சத்தில் ஒளிரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எல்லாமே கிச்சாப்தான் என்று நம்பி வாயைப் பிளந்து நின்றேன்.

"மாப்ளே..." என்று பின்னால் நடுங்கிய குரல். அத்தை எழுந்து வந்து நின்றார். இரண்டு கையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தது. "வீடே ஜொலிக்குதே! அம்மா வந்துட்டா மாப்ளே! தேவிக்குப் போனப் போடுங்க. பக்கத்து வீட்டு அக்காவக் கூப்புடறேன் இருங்க!"

கதவை நோக்கி நடந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்தால் தாமானே வரும். வந்து கற்பூரம் ஏற்றும்.

"அத்தை, அது சாமி இல்ல. கிச்சாப்."

எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், லேபிள், ஐஸ் பாக்ஸ், கிளினிக், குழாய். ஒரு வரி விடவில்லை. கையில் டார்ச்சோடு, கண்டிக்கப்படும் தொழிலாளியைப் போல நின்றேன்.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன், இல்ல?"

"ஆமா அத்தை."

"எனக்கு விடறப்பத்தான் தட்டி விட்டீங்க."

"ஆமா."

"அப்ப குடிச்சது நீங்க மட்டுந்தான்."

"நான் மட்டுந்தான் அத்தை."

அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அப்படியே சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மாமியார் சிரித்து நான் பார்த்ததே அதுதான் முதல் முறை. "எங்க ஊரு மாடுன்னு சொன்னேனே! அந்தக் குருக்கள் மோந்து பாத்தாரே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு. நாளைக்கு விடுவாங்க."

"பாவம். வலியோட இருந்தவனப் போயி வையத் தெரிஞ்சுச்சு நமக்கு." எழுந்து சேலையைச் சொருகினார். "வாளியக் கொண்டாங்க. லட்சுமி கொஞ்ச நேரம் வெளிய நிப்பா."

சாயங்காலம் வரை இரண்டு பேரும் துடைத்தோம். டார்ச்சை நான் பிடிக்க, மருந்துத் துணியால் அவர் துடைத்தார். என்னைவிட அவர் கண் கூர்மை. பாதியில் நிறுத்தி, "வீடு பூரா அவன் பேர்லதான் தெளிச்சிருக்கு. இனிமே அவனை எங்க கொண்டு போயி விடறது?" என்றார். பாசார்ப் பேச்சு அதோடு முடிந்தது.

புதன்கிழமை கிச்சாப் வந்தது. வீட்டைச் சுற்றி மோந்து பார்த்தது. நாங்கள் ஒரே ஒரு இடத்தை மறந்திருந்தோம். "சாமி, அந்த மூலையில படல" என்று நான் வற்புறுத்தித் தெளிக்க வைத்த மூலை. பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருத்தமாகச் சிறுநீர் கழித்தது. அதற்குப் பிறகு தவறியதில்லை. இப்போது டாக்டர் சொன்ன தீனி, அறைக்கு அறை தண்ணீர்க் கிண்ணம், இரண்டு மணல் பெட்டி. காலையில் அத்தைதான் பெட்டியைக் கிளறிப் பார்ப்பார். "போயிட்டான்!" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் பசியாறல்.

குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் குருக்கள் கோமியம் கேட்கும்போது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ரவி மட்டும் சத்தமாக, "மாமா, லேபிள் ஒட்டியாச்சா?" என்பான். எங்கள் ஐஸ் பெட்டியில் ரசத்துக்கும் லேபிள் உண்டு. தேவி எழுதி ஒட்டுகிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் நான்தான். முப்பது வருடக் கடனும் என் பெயரில்தான். ஆனால் நகராண்மைக் கழகத்திலிருந்து வீட்டு வரிக் கடிதம் வந்தால், அத்தை அதை என்னிடம் கொடுப்பதில்லை. கிச்சாப்பின் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வீட்டுக்காரன் மொதல்ல பாக்கட்டும் மாப்ளே" என்கிறார்.